லெ டிஸ்ஸியே: சீலாவைக் கருவாடாக்கிய கதையா?

கேள்வி: தங்கச்சிமடம் வலைக்கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில், வடகடலை ஒட்டிய மணல் திடலில், ஞாயிறுதோறும் மாலையில் பத்துப் பதினைந்து பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். எனக்குத் தொழில் அதுவன்று, வலைக்கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் பெரியவர்களும் ஆட வந்துவிடுவார்கள், திடல் நிறைந்துவிடும். மற்ற நாள்களில் பையன்களும் நானும் நான்கு சவுக்குக் கம்புகளும்தான்.

அந்தப் பையன்களில் ஒருவனுக்குப் பதினாறு வயது ஆகிறது. நடுக்களத்தில் ஆடுபவன், பந்தை நிறுத்தும்போதே அடுத்த ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவைத்திருப்பவன். சென்னையில் உள்ள ஒரு குழு, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. அவனுக்குப் போக மனமில்லை. இதைப் பற்றிக் கடைத் திண்ணையில் பேச்சு வந்தபோது, இங்கிலாந்துக் கால்பந்தை விடாமல் பார்க்கும் ஒரு பெரியவர், "இருந்த இடத்திலேயே இருந்து மேத்யூ லெ டிஸ்ஸியே பெயரெடுக்கவில்லையா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அந்த மனிதரா? ஐஸில் வைத்துக் கப்பலேற்ற வேண்டிய சீலா மீனைக் கருவாடாக்கியவர் ஆயிற்றே" என்றார். அன்று மாலை முழுவதும் இதே வழக்காகிவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை, 1968 அக்டோபர் 14 அன்று பிறந்த லெ டிஸ்ஸியே, 1986 முதல் 2002 வரை தம் தொழில்முறை ஆட்டம் முழுவதையும் சவுத்தாம்ப்டன் குழுவுக்கே ஆடினார். 540 ஆட்டங்களில் 209 கோல்கள் அடித்தார். இங்கிலாந்தின் முதல் பிரிவுப் போட்டியான பிரீமியர் லீக்கில் 100 கோல்களை எட்டிய முதல் நடுக்கள ஆட்டக்காரரும் அவரே. பெரிய குழுக்களான டாட்டன்ஹாமும் செல்சியும் அழைத்தும் அவர் போகவில்லை. ஆனாலும் பெரிய கோப்பை ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. இங்கிலாந்து அணிக்கு எட்டே ஆட்டங்கள் ஆடினார். இவ்வளவு கோலடித்த ஒருவரை நாட்டு அணி ஏன் ஒதுக்கியது? அவர் போகாமல் இருந்ததைப் பிடிவாதம் என்பதா, சோம்பல் என்பதா, வேறு கணக்கு ஏதும் உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சவுத்தாம்ப்டனுக்காக அவர் அடித்த 48 பெனால்டிகளில் 47 கோலாயின என்கிறார்கள். என் பையன்கள் பத்துக்கு நான்கைக் கடலுக்குள் அனுப்புகிறார்கள். பந்தை நீந்திப்போய் எடுத்துவருவதே பாதிப் பயிற்சியாகிவிட்டது. அவர் அப்படி என்னதான் செய்தார் என்று தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கீழக்கரைக் காக்கா

தம்பிக்கு அன்பான வணக்கம். நான் துபாயில் வேலை பார்த்த காலத்தில் அறைக்கு அறை பிரீமியர் லீக் ஓடும். உடன் இருந்தவர்களில் மலபார்க்காரர்களெல்லாம் மான்செஸ்டர் யுனைடெட் என்று நிற்கையில் நான் ஒருவன் மட்டும் சவுத்தாம்ப்டன் என்று சொல்லிக் கேலிப்பட்டவன். எனவே நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் திண்ணைப் பெரியவர் சொன்னதில் உள்ள ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். லெ டிஸ்ஸியே ஊரை விட்டே நகராதவர் என்பது சரியன்று. அவர் பிறந்தது கெர்ன்சித் தீவின் செயின்ட் பீட்டர் போர்ட்டில். பிரான்சுக் கரைக்கு அருகே, ஏறத்தாழ 65 சதுர கிலோமீட்டர் பரப்பில், கிட்டத்தட்ட நம் இராமேசுவரம் தீவின் அளவில் கிடக்கும் தீவு அது. பிரித்தானிய முடியாட்சிக்கு உட்பட்டதே ஒழிய ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. அவருடைய பெயர் பிரெஞ்சுப் பெயர்போல ஒலிப்பதற்கும் பிரான்சின் அருகாமைதான் காரணம். நமக்காவது 1914 முதல் ரயில் பாலமும் 1988 முதல் சாலைப் பாலமும் இருக்கின்றன. அவர்களுக்குக் கப்பல் அல்லது விமானம்தான். ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டில் தேர்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி, அதன் பிறகு பையனாகவே கடல் கடந்து சவுத்தாம்ப்டன் இளையோர் அணியில் சேர்ந்தவர் அவர். ஆகவே உங்கள் மாணவனுக்கு அவரை எடுத்துக்காட்டுவதானால், எங்கும் போகாமலே பெரியவரானார் என்று சொல்லாதீர்கள். ஒரு முறை போனார், போன துறையில் நங்கூரம் போட்டுவிட்டார் என்று சொல்லுங்கள்.

வீணானதா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தக் குழுவில் ஆண்டுதோறும் செய்து முடிக்க வேண்டிய வேலை என்ன என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. சவுத்தாம்ப்டனின் பழைய மைதானமான டெல், 1898 இல் திறக்கப்பட்டது. நாற்புறமும் வீடுகள் நெருக்க, கடைசிக் காலத்தில் பதினைந்தாயிரம் பேர் சொச்சம் மட்டுமே உட்காரக்கூடியதாக இருந்தது. நுழைவுச்சீட்டு வருமானத்தில் பெரிய குழுக்களுக்குப் பக்கத்திலேயே அது நிற்க முடியாது. நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தலையெடுத்தால் விற்றுத்தான் குழுவை நடத்த வேண்டும். அப்படிப்பட்ட குழுவுக்குக் கோப்பை கிடைத்தால் அது இறைவன் கொடுத்தது. பட்டியலின் அடியில் முடிந்து முதல் பிரிவை விட்டு இறங்காமல் இருப்பதே அன்றாடப் பாடு. 1993–94 பருவத்தை மட்டும் பாருங்கள். சவுத்தாம்ப்டன் 43 புள்ளிகளோடு, இறங்கிப்போன ஷெஃபீல்டு யுனைடெட்டைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்துத் தப்பித்தது. அந்த லீக் பருவத்தில் அணி அடித்த கோல்கள் 49. அவற்றில் 25 இந்த ஒரு மனிதருடையவை. கடைசி நாளில் வெஸ்ட் ஹாமோடு மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்தார்களே, அதிலும் இரண்டு அவர் அடித்தவை. அவர் ஆடிய பதினாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் குழு இறங்கவில்லை. லிவர்பூலில் அவர் ஆடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பதக்கத்தைவிட இது சிறிய வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் அடித்த கோல்களில் ஒன்றைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பையன் பந்தை நிறுத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 1993 அக்டோபரில் டெல் மைதானத்தில் நியூகாசிலோடு ஆட்டம். அதற்கு முந்தைய சில ஆட்டங்களில் மேலாளர் அவரை அணியிலிருந்து விலக்கி வைத்திருந்தார். அன்று பந்து அவருக்குச் சற்றுப் பின்னால் வந்து விழுகிறது. நின்று திரும்பியிருந்தால் தாக்குதல் அங்கேயே முடிந்திருக்கும். ஓட்டத்தை நிறுத்தாமல் காலைப் பின்னே நீட்டிக் குதிகாலின் பக்கத்தால் பந்தைத் தமக்கு முன்னே எடுத்துப் போடுகிறார். எதிர்வந்த தடுப்பாட்டக்காரரைத் தட்டிக் கடக்கிறார். அடுத்தவர் வருவதற்குள் பந்தை அவர் தலைக்கு மேலாகத் தூக்கிவிட்டு மறுபக்கம் போய்ப் பிடிக்கிறார். இத்தனை வித்தைக்குப் பிறகு வலை கிழிய அடிப்பார் என்று பார்த்தால், கோல்கீப்பருக்குப் பக்கவாட்டில் மெல்ல உருட்டிவிடுகிறார். வலையில் சிக்கிய மீன் துள்ளி அடங்குவதுபோலப் பந்து உள்ளே போய் நிற்கும். அதே ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இரண்டாவதையும் அடித்து வெற்றி பெற்றுத்தந்தார்.

கருவாடு என்று சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை: சீலாக் கருவாடு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று அவர் சந்தையில் விசாரிக்க வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், இராமநாதபுரம்

கீழக்கரை நண்பர் எழுதியதில் புள்ளிவிவரங்களை மறுக்க எனக்கு ஏதும் இல்லை. ஆனால் அன்பு மிகுந்தால் கணக்கில் செலவுப் பக்கம் எழுதப்படாமல் போய்விடும். அதை நான் எழுதுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இருவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறார்கள். முதலாமவர் ஆலன் ஷியரர். அவரும் சவுத்தாம்ப்டன் இளையோர் அணியில் வளர்ந்தவரே. 1988 இல் பதினேழு வயதில் ஆர்சனலுக்கு எதிராக மூன்று கோல் அடித்துப் பெயரெடுத்தார். சில ஆண்டுகள் இருவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடினார்கள். 1992 இல் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பவுண்டுக்கு ஷியரர் பிளாக்பர்ன் குழுவுக்குப் போனார்; 1995 இல் அங்கே லீக் பட்டம் வென்றார்; இங்கிலாந்துக்கு 63 ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்தார்; பிரீமியர் லீக்கில் 260 கோல்களோடு ஓய்வு பெற்றார். இரண்டாமவர் அதிகம் பேசப்படாதவர், ஆனால் இந்த விவாதத்துக்கு இவரே பொருத்தமானவர். கெர்ன்சிக்குப் பக்கத்துத் தீவான ஜெர்சியில், லெ டிஸ்ஸியே பிறந்து மூன்றே நாள் கழித்து, 1968 அக்டோபர் 17 அன்று பிறந்தவர் கிரேம் லெ சோ. செல்சி, பிளாக்பர்ன், மறுபடியும் செல்சி என்று குழு மாறிக்கொண்டே போனவர். ஷியரரோடு சேர்ந்து அதே 1995 பட்டத்தை வென்றவர். இங்கிலாந்துக்கு 36 ஆட்டங்கள் ஆடியவர். பந்தோடு உள்ள உறவில் லெ டிஸ்ஸியேவின் கால்தூசி அளவும் லெ சோவைச் சொல்ல முடியாது என்று நானே ஒப்புக்கொள்கிறேன். அப்படியிருக்க 36 எங்கே, 8 எங்கே? இடது பின்களத்துக்குப் போட்டி குறைவு என்பது ஒரு பகுதி விடைதான்.

மீதி விடை, பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. திரும்ப ஓடுவதும் ஆளைத் துரத்துவதும் அவருடைய பழக்கத்தில் இல்லை. உடலைக் காப்பதிலும் அவர் கண்டிப்பானவராகப் பெயர் எடுக்கவில்லை. இதை வைத்துத்தான் சவுத்தாம்ப்டனின் இரண்டு மேலாளர்கள் இரண்டு விதமாக முடிவெடுத்தார்கள். இயன் பிரான்ஃபுட், பந்தை நீளமாக முன்னே அடித்துத் துரத்தும் ஆட்டத்தை நம்பியவர்; அந்த ஆட்டத்தில் லெ டிஸ்ஸியேவுக்கு இடமே தெளிவாக இல்லை. 1994 தொடக்கத்தில் வந்த ஆலன் பால், 1966 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். அவர் வந்தவுடன் அணியையே இவரைச் சுற்றி அமைத்தார், பந்தை இவரிடம் கொடுங்கள், பிறகு மற்ற வேலையை நீங்கள் பாருங்கள் என்ற விதத்தில். கோல்கள் குவிந்தன. ஒரு சிறிய குழு அப்படிச் செய்யலாம், ஏனென்றால் அதனிடம் இருக்கும் ஒரே வைரம் அதுதான். நாட்டு அணியில் பதினொரு பேரும் தத்தம் குழுக்களில் நாயகர்கள். ஒருவருக்காகப் பத்துப் பேர் ஓட வேண்டும் என்று எந்த மேலாளரும் சொல்லத் துணியமாட்டார். இங்கிலாந்து மேலாளர் டெரி வெனபிள்ஸ் 1994 மார்ச்சில் டென்மார்க்குக்கு எதிராக அவரை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார். அவர் முதலிலிருந்தே ஆடிய டப்ளின் ஆட்டமோ, 1995 பிப்ரவரியில், பார்வையாளர் கலவரத்தால் அரை மணி நேரம்கூட ஓடாமல் கைவிடப்பட்டது. அதிர்ஷ்டமும் அவர் பக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசி வாய்ப்பு 1997 பிப்ரவரியில் இத்தாலியோடு வெம்பிளியில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். மேலாளர் கிளென் ஹாடில், லெ டிஸ்ஸியே சிறுவயதிலிருந்து போற்றிய ஆட்டக்காரர். ஹாடிலே தாம் ஆடிய காலத்தில் கலைஞர் என்று கொண்டாடப்பட்டு, நாட்டு அணி தம்மை முழுமையாக நம்பவில்லை என்ற குறையோடு ஆடியவர். எனவே இவர் புரிந்துகொள்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜான்ஃபிராங்கோ சோலா ஒரு கோல் அடிக்க, இங்கிலாந்து தோற்றது. லெ டிஸ்ஸியே ஆட்டத்தின் நடுவே வெளியே எடுக்கப்பட்டார். அதன் பிறகு அழைப்பு வரவில்லை. 1998 இல் ரஷ்யாவுக்கு எதிரான இங்கிலாந்து இரண்டாம் அணி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தும் உலகக் கோப்பைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் கருத்தில் அது நியாயமற்ற முடிவு. ஆயினும், பெரிய குழு ஒன்றில் வாரந்தோறும் பத்து நாயகர்களோடு சேர்ந்து ஆடிப் பழகியவராக அவர் இருந்திருந்தால், அந்த முடிவை எடுப்பது ஹாடிலுக்கு அத்தனை எளிதாக இருந்திருக்காது. வீணடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். விலை கொடுத்தார், அந்த விலையைச் சொல்லாமல் பையனிடம் அந்தக் கதையைச் சொல்லாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மறுமொழி: பாம்பன் கோல்கீப்பர்

பெரியவர்கள் இருவரும் நாட்டு அணிப் பேச்சிலேயே நிற்கிறார்கள். நான் பெனால்டிக்கு வருகிறேன். குந்துகால் பக்கம் பிறந்தவன், எழுவர் ஆட்டப் போட்டிகளில் பத்தாண்டுகளாகக் கோல் காக்கிறேன். எனவே என் அனுதாபம் அடிப்பவரிடம் இல்லை.

அந்த 48 இல் தடுக்கப்பட்ட ஒன்றைத் தடுத்தவர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் மார்க் கிராஸ்லி. 1993 மார்ச் 24, டெல் மைதானம். ஆட்ட வாழ்க்கையில் அவர் செய்த மற்றவை எல்லாம் மறந்துபோய், இந்த ஒரு தடுப்புக்காகவே இன்றும் பேசப்படுகிறார். எதிரே நின்றவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

அவருடைய பெனால்டிகளின் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். பதினொரு மீட்டர் தொலைவு, 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். இதில் பலத்தை நம்புபவன் பந்தைப் பாதத்தின் மேற்பகுதியால் அடிப்பான். ஒரு விரற்கடை பிசகினால் குறுக்குக் கம்பத்துக்கு மேல் போகும். நம் பையன்கள் கடலுக்கு அனுப்புவது இப்படித்தான். லெ டிஸ்ஸியே பெரும்பாலும் சில அடிகளே ஓடி வந்து, உட்பாதத்தால், தாழ்வாக, மூலையை நோக்கி வைப்பார். ஓட்டத்தில் அவசரம் தெரியாது. தோளிலும் இடுப்பிலும் எந்தப் பக்கம் என்ற சாடை தெரியாது. கோல்கீப்பருக்கு இதுதான் நரகம். நாங்கள் காலைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறோம். இடுப்பு பொய் சொன்னால் பிழைக்க வழியில்லை.

அந்தக் காலத்து விதியையும் நினைவில் வைக்க வேண்டும். 1997 இல் விதி மாறும்வரை, பந்து அடிக்கப்படுவதற்கு முன் கோல்கீப்பர் கால்களை அசைக்கவே கூடாது. அதன் பிறகுதான் கோட்டின்மேல் பக்கவாட்டில் நகரலாம் என்றார்கள். எழுத்தில் இருந்த விதி அது. நடுவர்கள் எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பது வேறு. பழைய விதி அடிப்பவருக்குச் சாதகம் என்று வைத்துக்கொண்டாலும், அதே விதியின்கீழ் மற்றவர்கள் எத்தனையோ கோட்டைவிட்டார்கள்.

உங்கள் திடலுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். சவுக்குக் கம்பின் அடியில், மூலைக்கு உட்புறமாக, ஒரு தெர்மக்கோல் மிதவையை வையுங்கள். கோல் அடிக்கச் சொல்லாதீர்கள். மிதவையை இடிக்கச் சொல்லுங்கள். ஓடி வருவது நான்கு அடிக்கு மேல் கூடாது. கோல் காக்கும் பையனுக்கு, ஒரு பந்தைத் தடுத்தால் ஒரு பருத்திப்பால் என்று அடிப்பவன் கணக்கில் எழுதுங்கள். சும்மா அடிக்கும் பெனால்டி பயிற்சியே ஆகாது. இழக்க ஏதாவது இருந்தால்தான் கால் நடுங்கும், நடுங்கிய காலுக்குத்தான் பழக்கம் வேண்டும். மணலில் ஊன்றுகால் புதையும் என்பதால், பந்து வைக்கும் இடத்தை மட்டும் தண்ணீர் ஊற்றி இறுக்கிக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உயரமாக அடிக்கும் பழக்கம் தானாகவே போய்விடும். காற்றே நல்ல ஆசான்.

மறுமொழி: தங்கச்சிமடம் வலைக்கடைக்காரர்

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதிய லெ சோவின் கதையைப் படித்ததும் தேடிப் பார்த்தேன். ஊர் ஊராகச் சுற்றிய அவரும் கடைசியாக 2003 இல் வந்து சேர்ந்த இடம் சவுத்தாம்ப்டன்தான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அதைவிட வியப்பு, 27 ஆண்டுகள் தொடர்ந்து முதல் பிரிவில் இருந்த அந்தக் குழு 2005 இல் இறங்கியபோது, அணியில் லெ சோ இருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றுவிட்ட லெ டிஸ்ஸியே இல்லை. ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் பிறந்த இருவரில், பதக்கம் ஒருவருக்கும் இறங்காத பெருமை இன்னொருவருக்கும் போயிருக்கிறது. இதை இரு திண்ணைக்காரர்களிடமும் சொன்னேன். இரண்டு பேரும் தத்தம் கட்சிக்கே சான்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

பையனிடமும் எல்லாவற்றையும், விலையையும் சேர்த்துத்தான், சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டது வேறு: "ஷியரரும் லெ டிஸ்ஸியேவும் பிரிந்த பிறகு ஒருவருக்கொருவர் எதிராக ஆடினார்களா? அப்போது யார் ஜெயித்தார்கள்?"

மறுமொழி: கீழக்கரைக் காக்கா

பையன் கேட்ட கேள்விக்கு ஒரே ஓர் ஆட்டத்தைச் சொன்னால் போதும். 1994 டிசம்பர் 10, பிளாக்பர்னின் ஈவுட் பார்க். அந்தப் பருவத்தில் பட்டம் வெல்லப்போகும் பிளாக்பர்ன் அணி. அதில் ஷியரரும் லெ சோவும். கோலில் டிம் ஃபிளவர்ஸ், அவரும் சவுத்தாம்ப்டனிலிருந்து போனவரே, பயிற்சியில் பல ஆண்டுகள் லெ டிஸ்ஸியேவின் அடியை வாங்கிப் பழகியவர். நடுக்களத்தில் பந்தை வாங்கிய லெ டிஸ்ஸியே, எதிரே வந்தவரை அப்படியும் இப்படியும் அலைக்கழித்துவிட்டு, ஏறத்தாழ முப்பது மீட்டர் தொலைவிலிருந்து தூக்கி அடித்தார். ஃபிளவர்ஸ் பின்வாக்கில் பாய்ந்தும் எட்டாமல் வலைக்குள்ளேயே விழுந்தார். பிபிசி அதைத்தான் அந்தப் பருவத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது. சவுத்தாம்ப்டனின் இரண்டு கோல்களும் அவருடையவை. ஆட்டத்தை மூன்றுக்கு இரண்டு என்று வென்றது பிளாக்பர்ன்.

ஆசிரியர் ஐயா இதை என் வாயாலேயே வரவழைத்துவிட்டோம் என்று மகிழட்டும். ஆனால் ஷியரர் 1996 இல் 1.5 கோடி பவுண்டுக்குப் பிளாக்பர்னை விட்டபோது எங்கே போனார் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள்: மான்செஸ்டர் யுனைடெட் விரும்பி அழைத்தும் போகாமல், பிறந்த ஊரான நியூகாசிலுக்குப் போனார், அங்கே பத்தாண்டுகள் ஆடி ஒரு கோப்பைகூட வெல்லவில்லை.

இன்னொரு காணொளியையும் அவனுக்குக் காட்டுங்கள். 2001 மே 19, டெல் மைதானத்தின் கடைசி லீக் ஆட்டம், ஆர்சனலோடு. அந்தப் பருவம் முழுவதும் காயத்தால் பெரும்பாலும் வெளியே இருந்த லெ டிஸ்ஸியே மாற்று ஆட்டக்காரராக உள்ளே வருகிறார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. முடிய ஒரு நிமிடம் இருக்கையில், பெனால்டி எல்லைக்குள் முதுகைக் காட்டி நின்றவரிடம் பந்து வந்து எழும்புகிறது. அப்படியே சுழன்று, வலக் காலால் பெயரெடுத்த மனிதர் இடக் காலால் அடித்து, மேல் மூலையில் வைக்கிறார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் நின்ற அந்த மைதானத்தின் கடைசி லீக் கோல் அது. துபாய் அறையில் நான் போட்ட கூச்சலுக்கு மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், இராமநாதபுரம்

மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. அந்த ஆர்சனல் கோலை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். கோலுக்கு முன் அவர் ஓடிய தூரம் ஏறக்குறைய எதுவுமில்லை என்பதையும் பையன் கவனிக்கட்டும். சென்னைக் குழுவில் யார் பயிற்சி தருகிறார், நடுக்களத்துப் பையனை எந்த இடத்தில் ஆடவைக்கப்போகிறார் என்பதை விசாரித்தீர்களா? பிரான்ஃபுட்டா, ஆலன் பாலா என்று தெரியாமல் போவதா இருப்பதா என்று முடிவெடுக்க முடியாது.

மறுமொழி: தங்கச்சிமடம் வலைக்கடைக்காரர்

அதை நான் விசாரிக்கவே இல்லை ஐயா. நாளை காலை அவர்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன். மிதவைப் பயிற்சி இந்த ஞாயிறே தொடங்கியது: பத்துக்கு மூன்று முறை மிதவை இடிபட்டது, ஒன்று மட்டும் கடலுக்குப் போனது, கோல் காத்த பையனுக்கு நான்கு பருத்திப்பால் கடன்.